யார் வந்தார்கள் என்பதும் யார் வெல்வார் என்பதும்

தேர்தல் நாளுக்கு முன்பே வாக்குச்சாவடிகளைத் திறந்துவைக்கும் ஏற்பாடு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. நியூயார்க் மாநிலம் 2019இல்தான் இதற்குச் சட்டம் இயற்றியது. அங்கே ஒன்பது நாட்கள் முன்வாக்குப்பதிவு நடக்கிறது. மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் என்று பகுதிவாரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நகரத் தேர்தல் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. எண்கள் வந்த கையோடு, காற்று இன்னார் பக்கம் வீசுகிறது என்று ஆரூடம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை முற்றாக ஒதுக்கவும் கூடாது, இப்போது இருக்கிறபடியே ஏற்கவும் கூடாது என்பது என் கருத்து. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க வருபவர்கள் யார் என்ற கேள்விக்கு இந்த எண்களில் விடை உண்டு. வெல்பவர் யார் என்ற கேள்விக்கு இல்லை. முதல் விடையையே இரண்டாவது கேள்விக்கும் விடையாக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு பிறக்கிறது.

முதலில், எண்ணப்படுவது எது என்று பார்க்க வேண்டும். நியூயார்க் வாக்குச்சாவடிக்குள் நுழைபவர் மேசையில் பெயரைச் சொல்கிறார். ஊழியர் கையடக்கக் கணினியில் பெயரைத் தேடி எடுத்துக் கையெழுத்து வாங்குகிறார். அந்தக் கையெழுத்துதான் அன்றைய கணக்கில் ஒன்று கூடுகிறது. அதன் பிறகு அவர் வாக்குச்சீட்டில் யாரைத் தேர்ந்தெடுத்து இயந்திரத்துக்குள் செலுத்துகிறார் என்பது அந்தக் கணக்கில் தெரியாது. தேர்தல் நாளில் வாக்குப்பதிவு முடியும்வரை முடிவை வெளியிடவும் கூடாது. ஆக, ஆய்வாளர் கையில் இருப்பது வாக்காளர் பட்டியலில் உள்ள விவரம் மட்டுமே: முகவரி, வயது, பதிவுசெய்த கட்சி, முந்தைய எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பது. வந்தவர்களைப் பற்றி இது நிறையவே சொல்கிறது; அவர்களுடைய தேர்வைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இந்த விவரத்தின் மதிப்பு அதிபர் தேர்தலைவிட உள்ளாட்சித் தேர்தலில்தான் அதிகம். அதிபர் தேர்தலில் வழக்கமாக வாக்களிப்பவர்கள் ஏறத்தாழ எல்லோருமே வந்துவிடுவார்கள். நகர மேயர் தேர்தலுக்கோ பதிவுசெய்தவர்களில் சிறு பகுதியினர்தான் வருவார்கள். அந்தச் சிறு பகுதி யாரால் ஆனது என்பதிலேயே முடிவு பாதி அடங்கியிருக்கும். கருத்துக்கணிப்பு நடத்துபவர்களுக்குப் பெரும் தலைவலியும் அதுதான். 2025 ஜூனில் நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தல் இதற்கு நல்ல சான்று. பெரும்பாலான கணிப்புகள் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை முன்னிலையில் வைத்தன. முன்வாக்குப் பட்டியலோ வேறு சேதி சொன்னது: வந்தவர்களில் இளைஞர்கள் வழக்கத்தைவிட அதிகம், முன்பு உட்கட்சித் தேர்தல் பக்கமே வராதவர்களும் கணிசம். முடிவில் குவோமோவை எதிர்த்து நின்ற ஜோஹ்ரான் மம்தானி முதல் சுற்றிலேயே முந்தி, முன்னுரிமை வாக்குகளையும் கணக்கிட்ட பிறகு ஏறத்தாழ 56 சதவீதத்துடன் வென்றார். தாங்கள் கற்பனை செய்துவைத்த வாக்காளர் கூட்டம் வேறு, வந்துகொண்டிருக்கும் கூட்டம் வேறு என்பதைக் கணிப்பாளர்கள் தேர்தல் நாளுக்கு முன்பே பார்த்திருக்க முடியும்.

ஆனால் அதே தேர்தல்தான் இந்த வாசிப்பின் முதல் குறையையும் காட்டுகிறது. 2021 உட்கட்சித் தேர்தலில் முன்கூட்டி வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 1,91,000 பேர். 2025இல் 3,84,000 பேர். இரட்டிப்பு. இதை வைத்து மொத்த வாக்குப்பதிவே பொங்கி எழப்போகிறது என்று எண்ணியிருந்தால் ஏமாற்றமே மிஞ்சியிருக்கும். மொத்த வாக்குகள் சுமார் 9,40,000இலிருந்து 10,70,000 அளவுக்குத்தான் உயர்ந்தன. அதாவது ஏழில் ஒரு பங்கு. முன்வாக்கில் கூடியவர்களில் பலர் எப்படியும் வாக்களித்திருக்கக்கூடியவர்கள். வாக்களிக்கும் நாளை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கொரோனா காலத்தில் அஞ்சலில் வாக்களித்தவர்கள் நேரில் வரத் தொடங்கியிருந்தார்கள். தேர்தல் நாளான ஜூன் 24க்குக் கடும் வெயில் வரும் என்ற அறிவிப்பும் இருந்தது. நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலிலும் இதே கதைதான்: முன்வாக்கு சுமார் 1,70,000இலிருந்து 7,35,000 ஆகி நான்கு மடங்கைத் தாண்டியது, மொத்தமோ இரு மடங்கைக்கூட எட்டவில்லை. 1969க்குப் பிறகு முதல்முறையாக 20 லட்சம் வாக்குகளைத் தாண்டிய தேர்தல் அது என்பதால், முன்வாக்கு காட்டிய திசை சரி. அளவுதான் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடியது.

இரண்டாவது குறை, நாளுக்கு நாள் மாறும் தன்மை. அந்தப் பொதுத்தேர்தலின் முதல் சில நாட்களில் நடுவயதினரும் முதியோருமே அதிகம் வந்தார்கள். இளைஞர்களை நம்பியிருந்த மம்தானிக்கு இது சரிவு என்ற பேச்சும் கிளம்பியது. கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் 1,50,000க்கு மேற்பட்டோர் வந்தார்கள். வரிசைகளில் இளையவர்கள் கூடினார்கள். மூன்றாம் நாள் எண்ணை வைத்து எழுதியவர் ஒன்பதாம் நாளில் தன் முடிவைத் திருத்த வேண்டியிருந்தது. பாதிப் பட்டியலைக் கொண்டு முழு ஊரைப் பேசுவது எங்கேயும் ஆபத்துதான்; உள்ளாட்சித் தேர்தலில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கும் போதாது. நியூயார்க்கில் முன்வாக்குப்பதிவு உள்ள மேயர் தேர்தல்கள் 2021, 2025 ஆகிய இரண்டே. அவற்றில் முதலாவது, பெருந்தொற்றின் நிழலில் நடந்தது.

வந்தவர் யார் என்பதற்கும் வெல்பவர் யார் என்பதற்கும் உள்ள இடைவெளியைக் கட்சிப் பதிவு நிரப்பிவிடும், அனுபவம் உள்ளவர் சரியாகவே கணிப்பார் என்று ஒரு மறுப்பு வரலாம். இது வலுவான மறுப்பு. நெவாடாவின் மூத்த பத்திரிகையாளர் ஜான் ரால்ஸ்டன், லாஸ் வேகாஸ் அமைந்த கிளார்க் மாவட்டத்தின் முன்வாக்குகளைத் தினமும் பிரித்துப் பார்த்துப் பல தேர்தல்களைச் சரியாகக் கணித்தவர். அவருடைய கணிப்புக்கே தேசிய அளவில் மரியாதை இருந்தது. 2024 அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் நூலிழையில் நெவாடாவை வெல்வார் என்றார். டிரம்ப் சுமார் 3 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றார். ரால்ஸ்டனின் திறமையில் குறையில்லை; பட்டியல்தான் மாறியிருந்தது. ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே வாக்காளராகப் பதிவாகும் முறை வந்தபின், எந்தக் கட்சியையும் குறிப்பிடாதவர்கள் அங்கே பெருகிவிட்டார்கள். அவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதைப் பட்டியல் சொல்லாது, ஊகித்தே ஆகவேண்டும். 2016இல் ஃபுளோரிடாவில் முன்வாக்கு அளித்தவர்களில் ஜனநாயகக் கட்சியில் பதிவுசெய்தவர்களே அதிகம்; மாநிலத்தையோ டிரம்ப் ஏறத்தாழ 1,13,000 வாக்குகளில் வென்றார். பதிவுசெய்த கட்சி என்பது என்றோ எடுத்த முடிவு. இன்றைய வாக்குக்கு அது உத்தரவாதம் ஆகாது.

அப்படியானால் எண்களை வெளியிடாமலே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. தினசரி எண்ணிக்கை தேர்தல் நிர்வாகத்தின் வெளிப்படைத்தன்மைக்கு அடையாளம். எந்தச் சாவடியில் வரிசை நீள்கிறது என்பது தெரிந்தால்தான் ஊழியரைக் கூட்ட முடியும். வாக்களித்து முடித்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்களின் கதவைத் தட்டக் கட்சிகளுக்கும் அது உதவுகிறது. குறைந்த பண பலத்தோடு நிற்கும் வேட்பாளருக்கு இது பெரிய உதவி. தீங்கு செய்வது எண் அல்ல, எண்ணோடு ஒட்டிவரும் 'முன்னிலை' என்ற முத்திரை. 2020 அதிபர் தேர்தலில் பென்சில்வேனியாவில் அஞ்சல் வாக்குகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரித்துப் பார்க்கவே சட்டம் இடம்தரவில்லை. அதனால் நேரடி வாக்குகள் முதலில் எண்ணப்பட்டு டிரம்ப் முந்தினார். அஞ்சல் வாக்குகள் எண்ணப்பட்டதும் பைடன் முந்தினார். எண்ணும் வரிசையால் மட்டுமே நேர்ந்த மாற்றத்தை மோசடி என்று நம்ப லட்சக்கணக்கானோர் தயாராக இருந்தார்கள். அரைகுறை எண்ணை வெற்றியாக வாசிக்கப் பழகிய மனம், முழு எண் வந்து அதை மறுக்கும்போது எண்ணியவரைத்தான் சந்தேகிக்கும்.

ஆகவே உள்ளாட்சித் தேர்தலின் முன்வாக்குப்பதிவைப் பற்றி எழுதுபவர்கள் சில ஒழுங்குகளை ஏற்க வேண்டும். கடைசி நாள் வரும்வரை போக்கு என்று எதையும் சொல்லக் கூடாது. முந்தைய முன்வாக்கோடு மட்டும் ஒப்பிடாமல், முந்தைய மொத்த வாக்கில் அது எத்தனை பங்கு என்பதையும் சேர்த்தே தர வேண்டும். கட்சிவாரியான எண்ணைவிட வயதையும் புதிய வாக்காளரின் பங்கையும் முன்னால் வைக்க வேண்டும். கருத்துக்கணிப்பில் எடுத்துக்கொண்ட வாக்காளர் கலவை சரியா என்று சோதிக்க அவைதான் உதவும். இவ்வளவும் செய்தால் இந்தக் கணக்கு கணிப்பாளரைத் திருத்தும் கருவியாக இருக்கும். கணிப்பாகவே அதை விற்றால், வாக்கு எண்ணிக்கையின் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைதான் அதற்கு விலையாகப் போகும்.