எங்கள் ராக்கெட், அவர்கள் ரொக்கெட்

“உங்கட ஆக்கள் சாமானைச் செய்ய முதலே மேடையைக் கட்டிப்போடுவினம் மச்சான்.”

சிதம்பரம் வந்த கையோடு சின்னசேலத்துக்கும் எட்டிப்பார்த்த என் யாழ்ப்பாணத்து நண்பர், எங்கள் பள்ளி வாசலில் தொங்கிய பிளெக்ஸ் பேனரைப் பார்த்துச் சொன்னது இது. கல்லூரியில் என்னோடு படித்தவர். இப்போது அங்கே உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் எடுக்கிறார். நான் இங்கே பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பேனரில், மாணவர்களின் விண்வெளிப் பயண ஒத்திகைக்கு வாழ்த்துச் சொன்னவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. விண்கலத்தின் படம் ஓர் ஓரத்தில், சின்னதாக. அந்த நேரத்தில் பதில் சொல்ல வாகாக இல்லை. ஆற அமர யோசித்ததில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

ஒத்திகை என்பது பெரிய வித்தையல்ல. ஆய்வகம்தான் கலம், மாடியில் உள்ள கம்ப்யூட்டர் அறை கட்டுப்பாட்டு அறை. கலத்தில் நாலு பிள்ளைகள், மேலே பத்துப் பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. செய்தியெல்லாம் துண்டுச் சீட்டில்தான் போகும். செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். நாங்கள் எட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். சீட்டைக் கையில் வாங்கிய பையன் படிக்கட்டில் எட்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கேள்வி போய்ப் பதில் வரப் பதினாறு நிமிடம். அதற்குள் கேள்வியே மாறிவிடும். “ஆக்சிஜன் குறைகிறது, என்ன செய்ய?” என்று ஒற்றை வரி எழுதி அனுப்பியவர்கள், இரண்டாம் நாள், “குறைகிறது, வால்வு இரண்டை மூடியிருக்கிறோம், பலன் இல்லையென்றால் மூன்றையும் மூடுவோம், மறுப்பு இருந்தால் சொல்லவும்” என்று எழுதக் கற்றுக்கொண்டார்கள். நான் வகுப்பில் ஒரு வருஷம் கத்தியிருந்தாலும் இது வந்திருக்காது.

பிறகு நிலவுப் பயணம். கலம் நிலவுக்குப் பின்னால் போகும்போது தொடர்பு அறும். அரை மணி நேரம் சீட்டுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டேன். டவுன் பிள்ளைகள் ஐந்தாவது நிமிடத்திலேயே கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. தொடர்பு வந்ததும் சொல்ல வேண்டியதையெல்லாம் முக்கியத்துவப்படி எழுதி அடுக்கி வைத்திருந்தார்கள். “எங்க ஊர்ல டவர் கிடைக்காது சார். பாறை மேல ஏறினாத்தான் சிக்னல். ஏறினதும் எதை முதல்ல சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டேதான் ஏறுவோம்” என்றான் ஒருவன். அன்றிலிருந்து கலத்தில் மலைப்பிள்ளை ஒருவராவது இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி.

நண்பர் ஒரு மணி நேரம் கைகட்டி நின்று பார்த்தார். அப்புறம் கேட்காமலேயே உள்ளே நுழைந்துவிட்டார். “கலத்திலை பற்றறி பாதிதான் இருக்கு எண்டு வையுங்கோ. ரேடியோவுக்கு எவ்வளவு, ஹீட்டருக்கு எவ்வளவு, லைட்டுக்கு எவ்வளவு?” பிள்ளைகள் விழித்தார்கள். நாங்கள் அதுவரை மின்சாரத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறை அவருடையது. செய்தி முடியும்வரை கை நிற்கக் கூடாது. யார் எத்தனை நிமிடம் சுற்றுவது என்று வீட்டில் முறை வைத்திருந்தார்களாம். மின்சாரத்தை எதற்கு எவ்வளவு பங்கிடுவது என்பதை அவருக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பிள்ளைகள் அந்தக் கணக்கைப் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அவர் “அமுக்கம் குறையுது” என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தபோதுதான் கலகலப்பு. “யாரை சார் அமுக்கணும்?” என்று கேட்டாள் ஒருத்தி. எங்களுக்கு அழுத்தம், அவர்களுக்கு அமுக்கம். எங்கள் செயற்கைக்கோள் அவர்களுக்குச் செய்மதி, எங்கள் சார் அவர்களுக்குச் சேர். செய்மதி என்பது கைக்கு அடக்கமான நல்ல சொல்தான்; சீட்டில் எழுத இடமும் குறைவாகப் பிடிக்கிறது. இருந்தாலும், எங்கள் பிள்ளைகள் வாயில் செயற்கைக்கோள் என்று வரும்போது அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது.

இனி மேடை விஷயம். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. முதல்முறை பறந்தபோது அதில் ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோள் இருந்தது. 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் பங்களிப்பில், சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்துச் செய்தது. மதுரைப் பக்கம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. இரண்டாம் கட்டம் பிரியும்போது வந்த அதிர்வில், முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் சில கணம் திணறின. அவை பழுதாகிவிட்டன என்று ராக்கெட்டின் கணினி முடிவுகட்டி மாற்று வழிக்குப் போனது. 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதில், ஒரு முனை 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த நீள்வட்டத்தில் போய் விழுந்தது. செயற்கைக்கோள் மிஞ்சவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 அடுத்த எஸ்.எஸ்.எல்.வி.யில் ஏறி 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாகப் போய்ச்சேர்ந்தது. இடையில் ஆறே மாதம். மேடை மட்டும் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது நடக்காது.

அந்தத் தோல்வியை எங்கள் ஒத்திகைக்குள்ளும் கொண்டுவந்தேன். பிள்ளைகள் குளிர்பான டப்பாவுக்குள் வெப்பமானி, அழுத்தமானி, சின்ன ரேடியோ எல்லாம் வைத்து, பழைய குடைத்துணியில் பாராசூட் தைத்து மாடியிலிருந்து இறக்குவார்கள். ஒருநாள் வெப்பநிலை 61 டிகிரி என்று காட்டியது. “சென்சார் போச்சு சார்” என்று அந்த எண்ணை அடித்துவிட்டார்கள். சென்சாருக்கு ஒன்றுமில்லை, டப்பா காலையிலிருந்து மொட்டைமாடி வெயிலில் கிடந்தது. கருவி பொய் சொல்கிறதா, நிலைமைதான் விபரீதமா என்று நிதானிக்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்.எஸ்.எல்.வி. கதையைச் சொன்னேன். அடித்த எண்ணைத் திரும்பச் சிவப்பு மையில் எழுதினார்கள்.

நண்பர் விடவில்லை. “எழுநூற்றைம்பது பேரிலை எத்தினை பேர் சோல்டரிங் அயனைத் தொட்டவை?” என்றார். அவருடைய எடுத்துக்காட்டு ராவணா-1. இலங்கையின் இரண்டு இளம் பொறியாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் படித்தபடியே வடிவமைத்து, பூட்டி, சோதித்த செய்மதி அது. சுமார் ஒரு கிலோ. 2019 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவிலிருந்து கிளம்பி, ஜூன் 17 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. இரண்டு பேர், முழு வேலை. நல்ல விஷயம்தான், ஆனால் ஜப்பான் பட்டறை, அமெரிக்க ராக்கெட். எங்கள் அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் அனுசாட்டை 2009 ஏப்ரல் 20 அன்றே நம் பி.எஸ்.எல்.வி.யில் அனுப்பிவிட்டார்கள், அதுவும் கிட்டத்தட்ட 40 கிலோ. (ராவணா-1 என்ற பெயர் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. ராவண காவியம் எழுதிய புலவர் குழந்தை எங்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ராவணன் பெயரைக் கேட்டு நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம்.)

இலங்கைப் பள்ளிகளில் நான் நேரில் பார்த்தது நீர் ரொக்கெட் போட்டிதான், அவர் பள்ளி மைதானத்தில். மொறட்டுவையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம் இதைத் தேசிய அளவில் நடத்துகிறது. சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் காற்று, தூரத்தில் இலக்குக் கொடி. ஒவ்வொரு முறை ஏவியபின்னும் ஒரு பையன் சாய்வுக்கோணத்தையும் காற்றமுக்கத்தையும் விழுந்த தூரத்தையும் கொப்பியில் கட்டம் போட்டு எழுதினான். கைதட்டல் இல்லை, மைக் இல்லை. இலங்கை முழுக்க இப்படித்தான் என்று நண்பர் சொல்கிறார். அவர் சொன்னால் அப்படித்தான் இருக்கும். எனக்கு மட்டும் அந்த மைதானம் கொஞ்சம் வெறிச்சென்று பட்டது.

எங்கள் ஊரில் அதே போட்டி நடந்தால் ஜவ்வரிசி ஆலைக்காரர் டீ கொடுப்பார், பஞ்சாயத்துத் தலைவர் முதல் பம்ப் அடிப்பார், பிள்ளைகளின் அம்மாக்கள் மரவள்ளிக்காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். தேரை இரண்டு பேர் இழுக்க முடியாது என்றேன். “நல்லூரிலையும் தேர் ஓடுறது, மச்சான்” என்றார். ஆனால், அந்த அம்மாக்களில் ஒருத்தி மகளைப் பிளஸ் ஒன்னில் உயிரியல் விட்டுக் கணினி அறிவியல் எடுக்க விட்டாள் என்பது எனக்குத் தெரியும். அது மேடை செய்த வேலை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதை அந்த மேடையில்தான் சொன்னோம். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை நாங்களும் விழுப்புரம் மாவட்டம்தான். லேண்டரைச் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலாத் தரை போட்டதற்கான பாறை, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் எடுத்தது என்பதையும் சொன்னோம். சேலத்தைத் தாண்டினால் சித்தம்பூண்டி. நிலவில் இறங்கும் ஒத்திகைக்கு மண் கொடுத்தது நம் பக்கம் என்று தெரிந்தபோது அந்தக் கூட்டம் போட்ட சத்தத்தை நண்பர் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் அவர் என்னை மடக்கிவிட்டார். துருவப் பாதைக்குப் போகும் எங்கள் ராக்கெட்டுகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே போக முடியாது. இலங்கை குறுக்கே கிடக்கிறது. சுற்றி வளைந்து போவதில் எரிபொருள் வீணாகி, சுமக்கும் எடை குறைகிறது. குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். “எங்களுக்கு ரொக்கெட் இல்லை. எண்டாலும், உங்கட ரொக்கெட்டை வளைக்கிற சக்தி இருக்கு” என்று சிரித்தார்.

அடுத்த ஒத்திகை இரண்டு ஊருக்கும் சேர்த்து. வீடியோ இல்லை, எழுத்து மட்டும். எட்டு நிமிடத் தாமதம் அப்படியே. மின்சாரப் பங்கீட்டுத் தாளை அவருடைய மாணவர்கள் தயாரிக்கிறார்கள், தொடர்பு அறும் அரை மணிக்கான விதிகளை எங்கள் மலைப்பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்கள் கலம், நாங்கள் கட்டுப்பாட்டு அறை என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். தாமதம் எட்டு நிமிடம் என்றால் கடைசி முடிவு கலத்தில் இருப்பவனுடையதுதான் என்று பதில் எழுதியிருக்கிறார். அந்த விதியைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.