ஒரு வகைச் செடி

தமிழ் அகராதிகளில் எனக்கு அறவே பிடிக்காத விளக்கம் ஒன்று உண்டு: ‘ஒரு வகைச் செடி’. புரட்டிப் பாருங்கள், அடிக்கடி தட்டுப்படும். செடி என்பது தெரிந்துதானே சார் அகராதியையே எடுத்தோம்!

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய லெக்ஸிகன் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பல செடிகளுக்குப் பக்கத்தில் லத்தீன் பெயர் இருக்கும். ஆனால் லத்தீனும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களில் நிற்கும் கருவேலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1753-ல் லின்னேயஸ் அதை ‘மிமோசா’ என்றார். அப்புறம் ‘அக்கேசியா’ ஆனது. 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியலாளர்கள், அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குத் தாரை வார்த்துவிட்டார்கள். நம்ம கருவேல் இப்போது ‘வச்சேலியா நிலோடிகா’. 2022-ல் சீமைக்கருவேலும் ‘ப்ரோசோபிஸ்’ போய் ‘நெல்டுமா’ ஆகிவிட்டது. கரிமூட்டம் போடுகிறவருக்கு இந்தத் தகராறெல்லாம் கிடையாது. அது கருவேல், இது சீமைக்கருவேல். அவ்வளவுதான்.

கரிசல்காட்டுச் செடிகளைப் பற்றி யோசிக்கும்போது இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒன்று, இடைசெவல் கி.ராஜநாராயணனின் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ (1982). இன்னொன்று, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தைக் கட்டி எழுப்பிய பாதிரியார் கே.எம்.மாத்யூ, 1981-லிருந்து 83-க்குள் கொண்டுவந்த ‘ஃப்ளோரா ஆஃப் த தமிழ்நாடு கர்நாடிக்’. ஏறக்குறைய ஒரே காலம். ஒருத்தர் ஜனங்களின் வாயிலிருந்து சொல்லைச் சேகரித்தார். இன்னொருத்தர் செடியைப் பறித்து, அழுத்தி, காயவைத்து, காகிதத்தில் ஒட்டிச் சேகரித்தார்.

மாத்யூவின் பலம், சந்தேகப்பட இடம் கொடுப்பது. ‘இந்தச் செடி இங்கே இருக்கிறது’ என்று எழுதினால் அதற்குச் சாட்சியாக ஹெர்பேரியத்தில் ஒரு தாள் உண்டு. நீங்களே போய்ச் சரிபார்க்கலாம். பெயர் தெரியாத செடியைக் கையில் வைத்துக்கொண்டும் உள்ளே நுழையலாம். இலை எதிரெதிரா, மாறிமாறியா? இதழ் நாலா, அஞ்சா? கேள்விக்குக் கேள்வி படியிறங்கிப் பெயருக்குப் போய்ச் சேரலாம். சொல்லகராதியில் இது முடியாது. அங்கே பெயர் தெரிந்தால்தான் கதவு திறக்கும்.

குறை? தாவரவியல் நடை தந்தி மாதிரி. வினைச்சொல்லே இல்லாமல் பக்கம் பக்கமாகப் போகும். மழை பெய்த மறுவாரம் கரிசல் பச்சையாவதும், கோடையில் அதே நிலம் வெடித்துக் கிடப்பதும் அந்த நடைக்குள் நுழைவதே இல்லை.

ஊர்ப் பெயரில் அந்த வாழ்க்கை இருக்கிறது. கரிசல் ஓரங்களில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையைப் பாருங்கள். அறிவியல் பெயர் ‘அரிஸ்டோலோகியா பிராக்டியோலேட்டா’. பெயர் வைத்த லாமார்க் பூவடியில் இருக்கிற சின்னச் செதிலைப் பார்த்தார். கீதாரி ஆட்டைப் பார்த்தான். ‘ஆடு தீண்டாது’ என்பது பெயர் மட்டுமல்ல, ஆராய்ச்சி முடிவும்கூட. இந்தக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது 1990-களுக்குப் பிறகுதான்.

சில சமயம் இரண்டு தரப்பும் ஒரே இடத்தைப் பார்த்திருக்கிறது. வெள்வேலுக்கு ராக்ஸ்பர்க் வைத்த ‘லூகோஃப்ளோயா’ என்பதற்கு வெள்ளைப் பட்டை என்று அர்த்தம்! கருவேல், வெள்வேல், குடைவேல் என்று சொல்கிறபோதே பின்னால் இனம், முன்னால் அடையாளம் என்று ஒரு வகைப்பாடு வந்துவிடுகிறது. ஆவாரைக்கும் நிலாவாரைக்கும் இருக்கும் உறவு பெயரிலேயே தெரியும். தாவரவியலிலும் ரெண்டும் ‘சென்னா’தான். இந்த நிலாவாரைதான் தூத்துக்குடியில் கப்பலேறி, உலக மருந்துப் புத்தகங்களில் ‘டின்னவேலி சென்னா’ ஆனது. அதுவும் அலெக்சாண்ட்ரியா சென்னாவும் வேறு வேறு என்று நினைத்தவர்கள் பிற்பாடு ஒன்றாக்கிவிட்டார்கள். வியாபாரிகள் மட்டும் இன்னும் ரெண்டாகத்தான் விற்கிறார்கள்.

இதற்காக ஊர்ப் பெயருக்கு மாலை போட்டுவிட்டுப் போய்விட முடியாது. நெருஞ்சியை எடுங்கள். சிறுநெருஞ்சி, யானை நெருஞ்சி, செப்பு நெருஞ்சி மூன்றும் மூன்று குடும்பம். செப்பு நெருஞ்சி அவரை, துவரைக்குச் சொந்தம். மற்ற ரெண்டுக்கும் அவரையோடும் உறவில்லை, தங்களுக்குள்ளும் உறவில்லை. நாட்டு மருந்துக் கடையில் ‘நெருஞ்சி கொடுங்க’ என்று கேட்டால் எது வரும்? பாளை விஷயத்தில் இந்தக் குழப்பம் வந்தால் கிட்னி போய்விடும்.

இங்கேதான் தமிழில் வரும் மூலிகைப் புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம். மங்கலான ஒரு படம், கீழே ‘மூலத்துக்கு நல்லது, சளிக்கு நல்லது’. இலை எப்படி, காய் எப்படி, இதைப் போலவே இருக்கும் வேறு செடி எது? பெரும்பாலும் ஒரு வரி இருக்காது. அடையாளம் சொல்லாமல் மருந்து சொல்வது, பஸ் நம்பர் சொல்லாமல் ஏறச் சொல்வது மாதிரி.

கி.ரா. 2021-ல் போய்விட்டார். மாத்யூ அதற்கு முன்பே, 2004-ல். ரெண்டு பேரின் வேலையும் ஒரே பக்கத்தில் அச்சாக வேண்டும். ஊர்ப் பெயர், அந்தப் பெயர் வந்த காரணம், லத்தீன் பெயர், இலையும் பூவும் காயும் தெரிகிற கோட்டோவியம், எந்த மாதத்தில் எந்த மண்ணில் என்ற குறிப்பு. கரிசலுக்கு இது அவசரமும்கூட. இங்கே பாதிச் செடிகள் மழையோடு வந்து, சில வாரத்தில் பூத்துக் காய்த்து, விதையை மண்ணில் போட்டுவிட்டு மறைகிறவை. சித்திரையில் வந்து பார்க்கிறவர், ‘இங்கே என்ன இருக்கு, வெறும் முள்ளு’ என்று நேரே குற்றாலத்துக்குப் போய்விடுவார்.

அதுவரைக்கும் மாத்யூவின் ஒரே தொகுதியான ‘எக்ஸ்கர்ஷன் ஃப்ளோரா’வை (1991) வைத்துச் சமாளிக்கலாம். அதன் எல்லை மத்தியத் தமிழ்நாடு. ஆனாலும் நம் பக்கத்து வறண்ட நிலச் செடிகள் பலவும் அதில் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வேண்டும். ஐப்பசி மழை விட்டதும் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் எங்காவது இறங்கி, வரப்பு ஓரம் குனிந்து பாருங்கள். சாம்பல் பூத்த வட்ட இலை, கரும் ஊதாவில் வளைந்த குழல் போல ஒரு பூ. பாளை அதுதான். வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.