பதினேழாம் நிமிஷம்

கணினிக்கென்று மனிதர் இயற்றிய சிறு நிரல்களுள் என் மனத்தை நெடுங்காலமாக வசீகரித்து வருவது, யூனிக்ஸில் பிறந்து லினக்ஸில் நிலைபெற்று, எவரும் விழித்திராத ஜாமத்திலும் விதித்த வேலையை விதித்த வேளையில் நடத்திவைக்கும் கிரான். 1979-இல் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், நிமிஷந்தோறும் விழித்து, ஒரே ஒரு பட்டியலைப் படித்து, வேளை வந்த கட்டளைகளை நிறைவேற்றிவிட்டு மீண்டும் துயில்வதே அதன் தொழிலாக இருந்தது. இன்று நாம் பழகும் உருவத்துக்கு மூலமானது 1987-இல் பால் விக்ஸி இயற்றிய கிரான்.

அதன் பட்டியலின் ஒரு வரியில் நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்தே இடங்கள், நிபந்தனை வேண்டாத இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி, பின்னர் கட்டளை. ‘30 2 * * 0’ என்று தொடங்கினால், ஞாயிறுதோறும் பின்னிரவு இரண்டரை மணிக்கு என்பது நியமமாகிவிடுகிறது. வருஷத்தைக் குறிக்க இடமே வைக்காததால், எழுதியவர் அழிக்கும்வரை அந்த வரிக்கு முடிவில்லை. இந்தச் சிக்கனத்தையே அதன் உச்சமான சௌந்தர்யமாக நான் கருதுகிறேன்.

ஆயினும் ஒரு குறை உண்டு. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையாகவும் அமையும் நாளை வேண்டி இரண்டு இடங்களையும் நிரப்பினால், எல்லா வெள்ளிகளிலும் எல்லாப் பதின்மூன்றுகளிலும் கட்டளை ஓடும்.

ரசிகன் நின்று பார்க்க வேண்டியது டெபியன் லினக்ஸின் பொதுப் பட்டியலை. மணிதோறும் செய்பவை பதினேழாம் நிமிஷத்தில். தினசரிப் பணி காலை 6.25-க்கு, வாரப் பணி ஞாயிறு 6.47-க்கு, மாதப் பணி முதல் தேதி 6.52-க்கு. எல்லோரும் கைபோன போக்கில் பூஜ்யத்தை எழுதி நெரிசல் உண்டாக்கும் நிமிஷத்தை விலக்கியதோடு, ஞாயிறும் முதல் தேதியும் ஒன்றாக வரும் நாளில்கூட மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும்படி இடைவெளி விட்டிருக்கும் விவேகத்தை என்னென்பது! ஆனால் எண்ணற்ற கணினிகள் அதே 6.25-க்கு ஒரே சேவையகத்தை நாடினால் அங்கும் நெரிசல்தானே? அதற்காகவே, இன்றைய லினக்ஸில் கிரானுக்கு மாற்றான சிஸ்டம்டி டைமர்கள் தொடக்கத்தைச் சற்றே தற்செயலாகத் தாமதிக்கும் வசதியைத் தருகின்றன. கணினி அணைந்திருந்தபோது தவறிய வேளையை, முன்பே அனாக்ரான் என்னும் துணை நிரல் செய்ததுபோல, பிறகு ஈடுசெய்யவும் அவற்றுக்குத் தெரியும். வெள்ளியும் பதின்மூன்றும் கூடும் நாளையும் பிழையின்றி அறியும். ஆதலால் தவறவே கூடாத காப்புப் பிரதி எடுக்கும் பணியை அவற்றிடம் ஒப்படைக்கிறேன். மற்றவற்றுக்கு, பணிக்கொன்றும் நேரத்துக்கொன்றுமாக இரண்டு கோப்புகள் எழுதுவதைவிட, முழு விதியும் ஒரே பார்வையில் தெரியும் அந்த ஒற்றை வரியே எனக்கு உவப்பானது.