தட்டைத் தலை ஈயக்குண்டு

குளத்தூர்க் கரிசலை உருட்டிக் காயவைத்தால் உண்டை விரிசல் விட்டுவிடும். கவட்டைக்குச் செவல்மண் உண்டைதான் தோது. உண்டை கோணினால் குறி தவறும் என்பதைச் சின்ன வயதிலேயே கை அறிந்திருந்தது. ஏர் பிஸ்டல் போட்டிக்கான ஈயக்குண்டைப் பார்த்தால் எனக்கு அந்த நினைவுதான் வரும். குறுக்களவு 4.5 மி.மீ., எடை ஏறக்குறைய அரை கிராம். இடுப்பு சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்து, குழலுக்குள் காற்று கசியாமல் பொருந்துகிறது. தலை தட்டை, அதனால்தான் அட்டையைப் பிய்க்காமல் வட்டமாக வெட்டிச் செல்கிறது. எவ்வளவு அழகான யோசனை! 10 மீட்டர் தொலைவில், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. ஒற்றைக் கையில் 60 முறை சுடவேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது இந்தச் சிறு ஈயத்துண்டால்தான்.