ஈயச் சிப்பாய்களும் இல்லாத மனிதர்களும்

விளையாட்டுப் பொருள்களைப் பற்றி விமரிசனம் எழுதுவது வேண்டாத வேலை என்று சிலர் கருதக்கூடும். கவிதையையும் நாவலையும் சமுதாய நோக்கில் ஆராய்வதை ஒப்புக்கொள்வோர்கூட, சிறுவர் கையாளும் பொம்மைகளை அவ்வாறு ஆராயப் புகுந்தால் முகம் சுளிப்பர். ஆனால் பொம்மையும் மனிதன் செய்த பொருளே. அதைச் செய்தவனுக்கு ஒரு காலமும் வர்க்கமும் உண்டு. அதை வாங்கியவனுக்கு ஒரு நோக்கமும் உண்டு. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளின் கையில் எதைக் கொடுக்கிறது என்பதை அறிந்தால், அது எதை இயல்பென்று நம்புகிறது என்பதையும் அறிந்துவிடலாம்.

கடந்த மார்கழி விடுமுறையில் உடுவிலில் பழைய சேகரிப்பு ஒன்றைப் பார்க்க நேர்ந்ததே இவ்வாராய்ச்சிக்கு உடனடிக் காரணம். மலாயாவில் எழுதுவினைஞராக உழைத்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ஒரு தலைமுறை, சுவர்க் கடிகாரங்களோடும் தேக்குப் பெட்டிகளோடும் இத்தகைய பொருள்களையும் கொண்டுவந்தது. நாம் பார்த்தவை ஏறத்தாழ நாற்பது ஈயச் சிப்பாய்கள். செஞ்சட்டைக் காலாட்கள், தலைப்பாகை அணிந்த இந்தியக் குதிரைவீரர் சிலர், சுருள்வில்லால் இயங்கும் சிறு பீரங்கி ஒன்று. வர்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. அவற்றைப் பார்த்த கையோடு, இவ்விளையாட்டுக்கு இலக்கணம் வகுத்த எச். ஜி. வெல்ஸின் ‘சிறிய போர்கள்’ என்னும் நூலையும் மீண்டும் படித்தோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சோடு ஒட்டிய பகுதி உறைந்ததும் எஞ்சியதை வெளியே கவிழ்த்துவிடும் முறையை 1893இல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பாரின் நிறுவனம் கையாளத் தொடங்கியது. இதனால் பொம்மை உள்ளே வெறுமையாயிற்று, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. அதுவரை ஜெர்மனியிலிருந்து வந்த கனத்த பொம்மைகளோடு அது போட்டியிட முடிந்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் கையால் வர்ணம் தீட்டிய தொழிலாளரிற் பெரும்பாலோர் பெண்கள். சாம்ராச்சியத்தின் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாக அட்டைப் பெட்டிகளில் வந்தன. எதிரிகளாகச் சூலுக்களும் பிறரும் வந்தனர். வங்காளக் குதிரைவீரன் எதற்காக ஆங்கிலேயனுக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்ற கேள்வி அப்பெட்டிக்குள் எழவே இடமில்லை.

போரை மேசைமேல் ஆடுவது ஐரோப்பியரின் கண்டுபிடிப்பன்று. சதுரங்கம் என்ற பெயரே நால்வகைப் படையைக் குறிப்பது. ஆனால் 1824இல் பிரசிய இராணுவ அதிகாரியான ரைஸ்விட்ஸ் தந்த போர்விளையாட்டு வேறு வகையானது. அளவுத்திட்டத்தோடு வரைந்த நிலப்படம், படைகளைக் குறிக்கும் கட்டைகள், பகடை, தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் என அமைந்த அது அதிகாரிகளுக்கான பயிற்சிக் கருவியாயிற்று. 1870இல் தொடங்கிய போரில் பிரான்சைப் பிரசியா வென்றபின் ஏனைய வல்லரசுகளும் அதைப் பின்பற்றின. இங்கே விளையாட்டு என்பது அடுத்த போருக்கான ஒத்திகை. அதை எவரும் மறைக்கவும் இல்லை.

வெல்ஸின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. அவர் ஒரு சோஷலிஸ்ட். பின்னர் 1920இல் லெனினை நேரிற் சந்தித்து உரையாடியவர். 1913இல் வெளிவந்த தமது நூலில், காலாள் ஒரு முறைக்கு ஓரடியும் குதிரைவீரன் ஈரடியும் நகரலாம் என்பது போன்ற எளிய விதிகளை வகுத்துத் தருகிறார். நகைச்சுவை ததும்பும் நடை. இன்றும் அலுப்பின்றிப் படிக்கலாம். முடிவில் விளையாட்டை விட்டு அரசியலுக்கு வருகிறார். இச்சிறு போரை ஆடிப் பார்த்தவன் உண்மைப் போர் எத்தகைய மடமை என்பதை உணர்வான் என்றும், போர்வெறி கொண்ட மன்னரையும் தேசபக்தரையும் ஒரு பெரிய மண்டபத்தில் அடைத்துப் பொம்மைகளை உருட்டவிட்டால் உலகம் தன் வேலையைப் பார்க்கும் என்றும் வாதிடுகிறார்.

நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயின் வரலாறு அந்த நல்லெண்ணத்தை ஓராண்டுகூடப் பொறுத்திருக்கவில்லை. 1914இல் உலகப் போர் மூண்டது. அதே வெல்ஸ், இது போருக்கே முடிவுகட்டும் போர் என்று கூறி அதை ஆதரித்து எழுதினார்; 1918இல் பிரித்தானியப் பிரசாரப் பிரிவிலும் பணியாற்றினார். பெட்டிக்குள் இருந்த தலைப்பாகை வீரர்கள் உயிர்பெற்றனர் போலும்! பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து அப்போருக்கு அனுப்பப்பட்டனர்.

இம்மாற்றத்தைத் தனிமனிதரின் பலவீனம் என்று சொல்லிவிட்டால் விமரிசனம் அங்கேயே நின்றுவிடும். காரணம் விளையாட்டின் அமைப்பிலேயே உள்ளது. வெல்ஸின் தரையில் போர் எதற்காக நடக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. சந்தைக்காகவா, நிலத்துக்காகவா, குடியேற்ற நாட்டுக்காகவா? விடையில்லை. இருதரப்பும் ஒப்பந்தப்படி சமபலத்தோடு தொடங்குகின்றன. குடியேற்றப் போர்கள் எவையும் அவ்வாறு தொடங்கியதில்லை. வீடுகள் இருக்கின்றன, குடியிருப்போர் இல்லை. மரங்கள் இருக்கின்றன, அவற்றை நட்டவன் இல்லை. போரை ஆளும் சிலரின் மனக்கோளாறாகக் கண்டவருக்கு, மனக்கோளாறு எதிரியிடம் மட்டுமே இருப்பதாக மறுநாள் தோன்றியதில் வியப்பில்லை. நூலின் உபதலைப்பிலேயே சிறுவருக்கு முழு இடமும், புத்திசாலியான சில சிறுமியருக்குப் போனாற் போகட்டும் என்று ஓர் ஓரமும் தரப்படுகின்றன. 1824இலேயே பெண்களுக்கென விடுதிப் பாடசாலை எழுந்த உடுவிலில் இருந்து படிப்போருக்கு இது உறுத்தாமலிராது.

நமது இலக்கியத்தோடு ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். சயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணி சோழன் புகழ் பாட எழுந்த நூல்; அதன் சார்பு வெளிப்படை. எனினும் அங்கே பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. வெற்றியைக் கொண்டாடவந்த கவிஞராலும் களத்தில் கிடந்த உடல்களை மறைக்க இயலவில்லை. அவற்றின் மேலேயே தம் காவியத்தை நடத்துகிறார். இருபதாம் நூற்றாண்டின் சமாதான விரும்பியோ ஒரு சொட்டு இரத்தமும் படாத தரையைத் தருகிறார். இவ்விரண்டில் எது போரைப் பற்றி அதிகம் அறிந்தது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

விளையாட்டு என்ற வடிவமே பொய் சொல்லும் என்று கொள்வதும் தவறு. ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். (புலி என்ற சொல்லுக்கு நம் மண்ணில் பிற்காலத்தில் ஏறிய அரசியற் பொருளை இங்கே தேட வேண்டியதில்லை, ஆட்டம் அதற்கு மிகப் பழையது.) கரித்துண்டால் தரையில் கீறிய கோடுகளும் சில கற்களும் போதும், பணம் வேண்டாம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. தனித்து நிற்கும் ஆடு சாகும். ஒன்றையொன்று காத்து நெருங்கி நின்றால் புலி அசைய வழியின்றி அடைபடும். ஏற்றத்தாழ்வு உலகில் உண்டென்பதையும், அதை வெல்லும் வழி யாதென்பதையும் ஏழை மக்களின் இவ்வாட்டம் ஒருங்கே கற்பிக்கிறது. சமபலம் என்ற கற்பனை அதற்குத் தேவைப்படவில்லை.

இன்று இப்பிரச்சினை பழைய பெட்டியோடு முடிந்துவிடவில்லை. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய ‘போர் விளையாட்டுகள்’ என்னும் நூலுக்குப்பின் மேலைநாடுகளில் இப்பொழுதுபோக்கு பெருகியது; குடியேற்றப் போர்களை ஆடுவது அதில் தனிக் கிளையாகவே வளர்ந்தது. கணினியும் கைத்தொலைபேசியும் அதை நமது மாணவர் கைக்கும் கொண்டுவந்துவிட்டன. வெறும் ஈயம் போய் ஒலியும் ஒளியும் வந்தன. ஆனால் குடியிருப்போர் இல்லாத வீடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

நமக்கு இது ஏட்டுப் பிரச்சினையன்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. உடுவில் மக்களும் அந்த இலட்சக்கணக்கானோரில் அடங்குவர். மழைக்காலத்தில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, முதியோரையும் கைக்குழந்தைகளையும் சுமந்து அடியடியாக நகர்ந்த கூட்டம் அது. காலாளுக்கு ஒரு முறைக்கு ஓரடி என்பது வெல்ஸின் விதி. அன்று அந்த வீதியில் அடி எண்ணி நகர்ந்தோர் எந்தப் படையிலும் இல்லாதவர். இராணுவ நிபுணர் வரையும் படத்தில் அவர்களுக்குக் கட்டையும் இல்லை, வர்ணமும் இல்லை. படத்தில் இல்லாதவரைப் பற்றி முடிவெடுப்பது எவ்வளவு எளிது!

ஆகவே பொம்மைகளைத் தடைசெய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. தடை சிறுவரின் ஆவலைக் கூட்டுமேயன்றி அறிவைக் கூட்டாது. குற்றம் விளையாட்டில் இல்லை. கேள்வி கேளாத விளையாட்டில் உள்ளது. நமது வரலாற்றுப் பாடமும் பெரும்பாலும் இத்தகைய மேசையே. 1619இல் சங்கிலி மன்னன் போர்த்துக்கேயரிடம் தோற்றான் என்று மாணவன் மனப்பாடம் செய்கிறான். அன்று வரி கட்டியவன் யார், சுமை தூக்கியவன் யார், தோல்விக்குப்பின் யாருடைய வயல் யார் கைக்கு மாறியது என்று அவன் கேட்கப் பழக்கப்படவில்லை.

ஆசிரியர்கள் இக்கேள்விகளை வகுப்பறைக்குக் கொண்டுவரட்டும். மேசைமேல் படையை நிறுத்தும் மாணவனிடம், கிணற்றடி எங்கே, தண்ணீர் அள்ள வந்தவள் எங்கே, வெடிகுண்டைச் செய்தவனுக்கு என்ன கூலி, விற்றவனுக்கு என்ன இலாபம் என்று கேட்கட்டும். அவர்களுக்கும் ஒவ்வொரு காயை வைத்தபின் ஆட்டத்தைத் தொடர முடியுமா என்பதை அவனே கண்டறியட்டும். போரின் மடமையை உணர வெல்ஸ் சொன்ன வழி அரைவழி. மறைக்கப்பட்ட மனிதரை மேசைக்குக் கொண்டுவருவதே எஞ்சிய வழி. அதை நடந்து முடிக்கும் கடமை, அவ்வீதியில் நடந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நம்முடையது.