ஆடிப் பார்த்தவர்களுக்கே தெரியும் ஆட்டம்

கீழ்பென்னாத்தூரில் அதிகம் பேர் பார்க்கும் ஆட்டம் கிரிக்கெட்தான். அதிகம் பேர் ஆடும் ஆட்டம் எது என்று கேட்டால், கிரிக்கெட் என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடிவதற்கு முன்பே திருவண்ணாமலை - செஞ்சி சாலையோரம் பையன்கள் ஓடுகிறார்கள். காவலர் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு. சாயங்காலம் கேரம் பலகைக்கு எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்தால், முதுகுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் செஸ் ஆடுகிறார்கள், சிலம்பம் சுற்றுகிறார்கள். எல்லாம் தனி ஆளாக நின்று ஆடுகிற ஆட்டங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் பங்கு போட ஆள் கிடையாது.

ஆடப் பிடித்த தனிநபர் விளையாட்டு எது, பார்க்கப் பிடித்தது எது என்று பேச்சு வந்தால் பெரும்பாலோர் இரண்டு பதில் சொல்வார்கள். ஆடுவது கேரம், பார்ப்பது டென்னிஸ் என்பது மாதிரி. தனிநபர் விளையாட்டில் இந்தப் பிரிவினை சரிப்படாது என்பது என் கட்சி. சுமாராகவாவது ஆடிப் பார்த்த ஆட்டத்தைத்தான் உட்கார்ந்து ரசிக்க முடியும். எங்கே திருப்பம் வந்தது, எங்கே ஆள் தடுமாறினார் என்பதெல்லாம் அந்த அனுபவம் இருந்தால்தான் கண்ணில் படும்.

முதலில் கேரம். 29 அங்குலச் சதுரப் பலகை, வெள்ளை 9, கருப்பு 9, சிவப்பு 1, 15 கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கர், ஒரு டப்பா பவுடர். ஒருமுறை வாங்கினால் தெருவுக்கே பல வருஷம் வரும். தெரு ஆட்டத்தில் நீளமான ‘கட்’ அடிக்கும், எதிர்க் கட்டையில் பட்டுத் திரும்பி விழும் காயினுக்கும் கைதட்டல் கிடைக்கும். போட்டி ஆட்டத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சத்தமில்லாத அடிகள்தான்.

ஒரு கட்டத்தைப் பாருங்கள். உங்களுக்கு இரண்டு வெள்ளை மிச்சம். எதிராளிக்கு ஒரே ஒரு கருப்பு, அதுவும் பாக்கெட்டின் வாயிலேயே நிற்கிறது. சிவப்பு இன்னும் பலகையில் இருக்கிறது. பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் “போச்சு, அவன் முடிச்சிடுவான்” என்பார்கள். முடிக்க முடியாது. சிவப்பு விழாமல் கடைசிக் காயினைப் போட்டு ஆட்டத்தை முடிக்க விதி இடம் தராது. அவர் முதலில் சிவப்பைப் போட வேண்டும், பிறகு அந்தக் கருப்பை ஃபாலோவாகப் போட வேண்டும். ஆகவே அந்த நேரத்தில் ஆட்டத்தின் உயிர் அந்தக் கருப்பில் இல்லை, சிவப்பில் இருக்கிறது. கைதேர்ந்தவர் தன் வெள்ளையை அவசரப்பட்டு அடிக்க மாட்டார். சிவப்பை மெதுவாகத் தட்டிக் கட்டையோரம் ஒட்டவைப்பார். ஒட்டிய சிவப்பை எடுக்க எதிராளிக்கு ஒன்றிரண்டு கை வீணாகும். அதற்குள் பலகை இவர் பக்கம் வந்துவிடும். இந்த அடிக்குக் கைதட்டல் விழாது. ஆடத் தெரிந்தவர் மட்டும் “அடடா” என்பார்.

சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர், அர்ஜுனா விருது பெற்றவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 17 வயதில், ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வாங்கிவந்தார். மறுநாள் நாளிதழ்களில் படங்கள் வந்தன, பாராட்டுகள் வந்தன. அவர் அந்த இறுதி ஆட்டத்தை எப்படி ஆடினார் என்று ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. எந்த பிரேக்கில் ஆட்டம் திரும்பியது, சிவப்பை எப்போது எடுத்தார் என்பதை எழுத ஆள் இல்லை. கிரிக்கெட்டில் ஒரு நோ-பாலுக்குப் பத்துப் பேர் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். உலகக் கோப்பை வென்ற ஒரு பெண்ணின் கைத்திறனுக்கு அரைப் பத்தி அலசல்கூட இல்லை என்பது விளையாட்டு எழுதுகிற எங்கள் எல்லாருடைய குறை.

கேரம் ஆடுவதற்கு முதல் ஆட்டம் என்றால், ஓடிப் பழகியவர்கள் பார்ப்பதற்கு முதல் ஆட்டம் 800 மீட்டர் ஓட்டம். இதை நான் அடித்துச் சொல்வேன். 100 மீட்டர் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். 10,000 மீட்டரில் நடுவில் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். 800-ல் இரண்டுக்கும் இடமில்லை. முதல் வளைவு வரை அவரவர் பாதையில் ஓட வேண்டும், அப்புறம் எல்லாரும் உள்பக்கம் பாய்வார்கள். அங்கே முழங்கை இடிக்கும், கால் தட்டும். முந்திப் போவதா, பின்னால் ஒட்டிக்கொண்டு கடைசியில் பாய்வதா என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா முதலிலிருந்தே முன்னால் ஓடினார். முதல் சுற்று 49.28 நொடி. மொத்தம் 1 நிமிடம் 40.91 நொடி, உலக சாதனை. இழுத்துச் செல்ல வேக ஓட்டக்காரர் யாரும் கிடையாது. அவர் ஏற்றிவிட்ட வேகத்தில் எட்டாவதாக வந்தவரின் நேரம் 1:43.77. அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்கிலும் அந்த நேரத்துக்குத் தங்கமே கிடைத்திருக்கும். செஞ்சி சாலையில் ஓடுகிற பையனுக்கு இதை விளக்கவே வேண்டாம். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அதாவது 100 மீட்டருக்கு 28 நொடி. ருடிஷா 100 மீட்டருக்கு 12.6 நொடி என்ற கணக்கில் எட்டு முறை நிற்காமல் ஓடியிருக்கிறார். அந்த 28 நொடிக்கே நெஞ்சு எரிந்தவனுக்கு, 12.6 என்றால் என்ன என்று உடம்பே சொல்லும்.

நம் பள்ளி மைதானங்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்டேடியத்தில் 800 மீட்டர் என்றால் இரண்டு சுற்று, நான்கு வளைவு. சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் மண் மைதானத்தில் நான்கு சுற்று, எட்டு வளைவு. ஒரு வளைவை ஒரு பாதை வெளியே தள்ளி ஓடினால் கிட்டத்தட்ட 4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு சின்னதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. எனவே மண் மைதானத்தில் கடைசி வரை வெளிப்பக்கமே ஓடும் பிள்ளை சுமார் 30 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. ஸ்டேடியத்தில் இது பாதிக்கு மேல் போகாது. மூன்றாவது சுற்றில் சுண்ணாம்புக் கோடு மிதிபட்டு அழிந்திருக்கும், வெறுங்காலில் மண் வழுக்கும். நாலாவதாக வந்த பிள்ளையை “தோத்துட்டா” என்று ஒதுக்குவதற்கு முன், அவள் எந்தப் பாதையில் ஓடினாள் என்று பார்க்கிற கண் பயிற்சியாளருக்கும் வேண்டும், பார்வையாளருக்கும் வேண்டும். பள்ளி அளவில் நல்ல ஓட்டக்காரிகள் பலர் இந்த 30 மீட்டரில்தான் தொலைந்துபோகிறார்கள் என்று நினைக்கிறேன்.

800 மீட்டர் என்றால் சாந்தி சௌந்தரராஜனைச் சொல்லாமல் போக முடியாது. புதுக்கோட்டை மாவட்டக் கிராமத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வென்றார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையை அவர் முந்தியது 0.03 நொடியில். பிறகு பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். பின்னாளில் தமிழக அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகி, பிள்ளைகளை ஓட வைத்தார். அந்த வெள்ளிப் பதக்கம் அவர் வீட்டில் இருக்க வேண்டியது. இத்தனை ஆண்டு கழித்தும் அதைத் திருப்பிக் கேட்பதில் தவறே இல்லை.

நம் பக்கத்து மாவட்டக்காரர் ஒருவரையும் பார்ப்போம். வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம். 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான், அந்த வகையில் நம்மவர். 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். நாலு வருஷம் கழித்து கோல்டு கோஸ்ட்டில் மொத்தம் 317 கிலோதான், ஆனால் மீண்டும் தங்கம். எண்ணை மட்டும் பார்த்தால் இறங்குமுகம். எனக்கு இந்த இரண்டாவது தங்கம்தான் பெரிது. தொடையில் காயத்தோடு போனவர் அவர். ஸ்நாட்ச் முடிந்தபோது இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145, சதீஷ் 144. ஒரு கிலோ பின்தங்கல். அடுத்த கட்டத்தில் ஆலிவர் 171 கிலோவை இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தவறவிட்டார். சதீஷ் 173 தூக்கினார். தங்கம் உறுதியானதும் கடைசி முயற்சியை எடுக்கவே இல்லை. தூக்க முடியாதது வேறு, தூக்கத் தேவையில்லை என்று நிறுத்துவது வேறு. ஜிம்மில் பார் பிடித்துப் பழகியவர்களுக்கு அந்த நிறுத்தத்தின் மதிப்பு தெரியும்.

உயரம் தாண்டுதலில் சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். எட்டு ஆண்டு, மூன்று பதக்கம், உயர வித்தியாசம் 4 சென்டிமீட்டர். பாரிஸில் அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெக் 1.94 தாண்டித் தங்கம் எடுத்தார். போட்டியின் தரம் மேலே ஏறிக்கொண்டே போக, இவர் தன் உயரத்தை அதிகம் கீழே விடாமல் காத்துவந்திருக்கிறார். தங்கம் வெண்கலமாகக் குறைந்துவிட்டது என்று எழுதினால் அது பாதி உண்மைதான்.

செஸ் தனிக் கதை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை செஸ்ஸை உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்காக குகேஷும் டிங் லிரனும் 6.5 - 6.5 என்று சமமாக இருந்து 14-வது ஆட்டத்தை ஆடினார்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று திரையோரத்தில் கணினி காட்டும் பட்டையைப் பார்த்தே லட்சக்கணக்கானோர் ஆட்டத்தைப் பின்தொடர்ந்தார்கள். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். பட்டை ஒரே தாவாகத் தாவியது, எல்லாரும் கத்தினார்கள். ஏன் கத்துகிறோம் என்று பலருக்குத் தெரிந்திருக்காது. யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் வெட்டிக்கொண்டால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான், குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். பள்ளியில் சிப்பாய் முடிவாட்டம் பழகிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, இனி யார் ஜெயிப்பார் என்பதைப் பட்டை சொல்லத் தேவையில்லை. 58-வது நகர்த்தலோடு டிங் ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

சிலம்பத்துக்குத் தனிப் பத்தியே எழுத வேண்டும், இன்னொரு நாள் எழுதுகிறேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக வந்தது நல்ல தொடக்கம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இங்கே ஆடுகிறவர்களுக்குக் குறைவில்லை, ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை. கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் அந்த நாலு பேரே சாட்சி. ஆனால் பள்ளிகளின் குறுவட்டப் போட்டி நடக்கும் நாளில் மைதானத்தைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? உடற்கல்வி ஆசிரியர்கள், விசில் ஊதும் நடுவர்கள், தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள். பெற்றோர்கூடப் பாதிப் பேர் வருவதில்லை. வேலை நாளில், வெயிலில் நடந்தால் எப்படி வருவார்கள்? குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம், அதிலும் ஜெயித்தால் மாநில அளவில் குடியரசு தினத் தடகளப் போட்டி. அந்த ஏணியின் முதல் படியில் ஏறும்போதே பிள்ளைக்குப் பின்னால் ஊர் நிற்க வேண்டாமா?

பள்ளிகளுக்கும் கல்வித் துறைக்கும் என் கோரிக்கை சின்னது. 800 மீட்டர் இறுதி ஓட்டங்களை மட்டுமாவது சனிக்கிழமை சாயங்காலம் வையுங்கள். பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் தேதியை முன்கூட்டியே ஒட்டுங்கள். ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: விடியலில் ஓடும் பையன்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், முடிவுக் கோட்டில் குவியாமல் கடைசி வளைவில் நின்று பாருங்கள். வெளிப்பாதையில் ஓடிவரும் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.