“படம் நகரவே மாட்டேங்குது” – இது திறனாய்வா?

மாணவர்களே, தீபக் குமாரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ (2005) படத்தைப் பார்த்ததும் “படம் நகரவே மாட்டேங்குது சார்” என்றுதான் உங்களில் பலர் சொல்வீர்கள். உண்மைதான். 1960களின் ரப்பர் தோட்டம், ஒரு குடும்பம், மேற்படிப்புக்குத் துடிக்கும் சாந்தா. சண்டையும் இல்லை, குத்தாட்டமும் இல்லை.

ஆனால் தோட்டத்தை அறிந்தவரின் பார்வை வேறு. கேமரன் மலையில் 1929இல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். சுற்றுலா வருபவர்களுக்கு அந்தச் சரிவு பச்சை ஓவியம். அங்கே கொழுந்து பறித்த பாட்டியின் பேரனுக்கோ அது ஒரு நாள் வேலை. மறுநாளும் அதே வேலை. அந்த அலுப்பைக் காட்டத்தான் காட்சி நீள்கிறது. அலுப்பு தெரியாவிட்டால் சாந்தாவின் தவிப்பும் புரியாது.

தேர்வில் “படம் மெதுவாக உள்ளது” என்று மட்டும் எழுதினால் அது உங்கள் உணர்வு. எந்தக் காட்சி நீள்கிறது, அதனால் கதைக்கு என்ன கிடைக்கிறது, காட்சியழகு வறுமையை மறைக்கிறதா என்று சான்றோடு எழுதுங்கள், அதுதான் திறனாய்வு.

ஆசிரியர்களே, படத்தைப் போடுமுன் ஒரு வேலை கொடுங்கள். “தோட்டத்துல ஒரு நாள் எப்படிப் போகும்?” என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்கட்டும்.